மணியோசைக்கு நடுவே ஒரு கவிஞர்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவிதை தனிமையில் பிறப்பது என்பர். கூட்டமும் விழாவும் சடங்கும் கவிஞனின் பொழுதை விழுங்கிவிடும் என்ற அச்சம் எழுதுவோரிடையே என்றும் இருந்து வருகிறது. இந்தக் கருத்துக்குச் சான்றாக உலக இலக்கியத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுபவர் அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் (1830–1886). பிற்காலத்தில் தந்தையின் வீட்டை விட்டு வெளியேறாமல், வந்தவர்களையும் பெரும்பாலும் காணாமல், ஏறத்தாழ 1,800 கவிதைகளை எழுதிப் பெட்டியில் வைத்துவிட்டு மறைந்தவர் அவர். வாழ்நாளில் அச்சேறியவை பத்தளவே.

அவருடைய வாழ்வில் ஓராண்டு மட்டும் இதற்கு நேர்மாறானது. 1847 செப்டம்பர் இறுதியிலிருந்து 1848 ஆகஸ்டு வரை, இடையில் சில வாரங்கள் நீங்கலாக, அவர் ஒரு பெண்கள் உறைவிடப் பள்ளியில் வாழ்ந்தார். மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் உண்டு, மணியடித்தால் உறங்கிய ஆண்டு அது. தனிமையின் கவிஞர் என்று போற்றப்படுபவரை அந்தக் கூட்டு வாழ்வு எவ்வாறு தொட்டது, அப்பள்ளியின் மரபுகளும் நிகழ்ச்சிகளும் எதைக் கொடுத்தன, எதைக் கேட்டன என்பதே இவ்வுரையின் பொருள். பத்தாண்டுகள் கூடிக் கூடிக் கவிதை பேசிய ஓர் அமைப்புக்கு இக்கேள்வி அயலானதன்று.

முதலில் அந்தப் பள்ளியைப் பற்றிச் சில செய்திகள்.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் சவுத் ஹாட்லி என்னும் சிற்றூரில் 1837 நவம்பர் 8ஆம் நாள் திறக்கப்பெற்றது மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்விக்கூடம். அதனை நிறுவியவர் மேரி லயன் (1797–1849). எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பிறர் வீட்டில் வேலை செய்தும், நெசவு செய்தும், சிறு பள்ளிகளில் கற்பித்தும் கல்வி தேடிக்கொண்டவர். ஆண்களுக்குக் கல்லூரிகள் அறக்கொடையால் நிலைபெற்றிருந்த அந்நாளில் பெண்களுக்கும் அத்தகைய நிலையான நிறுவனம் வேண்டும் என்று ஊர் ஊராகச் சென்று பொருள் திரட்டினார். பச்சை வெல்வெட்டுப் பையொன்றைக் கையிலேந்தி அவர் சென்ற பயணங்கள் இன்றும் பேசப்படுகின்றன. செல்வர் தந்த ஆயிரம் டாலரும் அப்பையில் விழுந்தது. எளியவர் தந்த ஆறு சென்ட்டும் விழுந்தது. கட்டட வேலை முற்றும் முடியாத நிலையிலேயே ஏறத்தாழ எண்பது மாணவியருடன் பள்ளி தொடங்கியது.

உணவு, உறையுள், கல்வி அனைத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 60 டாலர் என்பது மேரி லயன் வகுத்த கட்டணம். நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் வரவேண்டும் என்பது அவர் நோக்கம். இவ்வளவு குறைந்த தொகையில் பள்ளி நடப்பதற்கு அவர் கண்ட வழி எளிமையானது: பணியாளர் இல்லை. சமைத்தல், பரிமாறுதல், துலக்குதல், துணி வெளுத்தல், தரை பெருக்குதல் ஆகிய அனைத்தையும் மாணவியரே பகிர்ந்துகொள்வர். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒருமணி நேரமளவு வீட்டுவேலை. செல்வர் மகளுக்கும் இதுவே விதி. ஆசிரியர் மகளுக்கும் இதுவே விதி. பெண்ணுக்கு அடுக்களைப் பயிற்சி அளிக்கும் திட்டம் என்று இதனைத் தவறாகக் கொள்ளலாகாது. வீட்டுவேலை கற்பிப்பது தாயின் கடமை, பள்ளியின் கடமையன்று என்பதில் மேரி லயன் தெளிவாக இருந்தார். வேதியியலும் உடலியலும் வரலாறும் வடிவக்கணிதமும் கற்க இயல வேண்டும் என்பதற்காகவே பாத்திரம் துலக்கப்பட்டது.

இப்பள்ளிக்குப் பத்துமைல் தொலைவிலுள்ள ஆமர்ஸ்ட் நகரிலிருந்து, வழக்கறிஞர் ஒருவரின் மகளாக, பதினாறு வயது நிரம்பிய எமிலி டிக்கின்சன் வந்து சேர்ந்தார். நுழைவுத் தேர்வுகள் அவரை வாட்டின. முதற்சில நாட்கள் வீட்டு நினைவால் நலிந்தார். பின்னர் மெல்லத் தேறித் தோழி அபையா ரூட்டுக்கு 1847 நவம்பரில் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அன்றைய பெண்கள் உறைவிடப் பள்ளி ஒன்றின் நாள்முறையை உள்ளிருந்து காட்டும் அரிய ஆவணம் அக்கடிதம்.

அதன்படி விடியலில் ஆறு மணிக்கு அனைவரும் எழுவர். ஏழு மணிக்குக் காலையுணவு. எட்டு மணிக்குப் படிப்பு. ஒன்பது மணிக்குப் பெருங்கூடத்தில் வழிபாடு. பத்தேகாலுக்குப் பண்டைய வரலாறு. பதினொன்றுக்கு ஆங்கிலக் கவிஞர் போப்பின் நெடும்பாடல் பற்றிய பாடம். பன்னிரண்டு மணிக்கு உடற்பயிற்சி. பன்னிரண்டரைக்கு நண்பகல் உணவு. ஒன்றரை முதல் இரண்டு மணி வரை பெருங்கூடத்தில் அனைவரும் கூடிப் பாடுவர். பிற்பகலில் பியானோ பயிற்சி. மூன்றே முக்காலுக்குப் பிரிவுக் கூட்டம். நாலரைக்கு மீண்டும் பெருங்கூடத்தில் மேரி லயனின் அறிவுரை. ஆறு மணிக்கு இரவுணவு. அதன்பின் படுக்கை மணி வரை மௌனப் படிப்பு. எட்டே முக்காலுக்கு முதல் மணி ஒலிக்கும். ஒன்பதே முக்காலுக்கு இறுதி மணி.

இப்பட்டியலில் ‘பிரிவுக் கூட்டம்’ என்பது தனியே நோக்கத்தக்கது. மாணவியர் சிறு பிரிவுகளாகக் கூடி, அன்று தாம் செய்த பிழைகளைத் தாமே எழுந்து சொல்ல வேண்டும். வராமை, காலந்தாழ்த்தல், மௌன நேரத்தில் பேசியது, அறைக்குப் பிறரை அழைத்தது என்று பிழைகளின் வரிசை நீள்கிறது. இன்னும் பதினாயிரம் உண்டு என்று டிக்கின்சன் எள்ளலோடு கூறி முடிக்கிறார். கண்காணிப்பவர் கண்டுபிடிக்கும் முறை அன்று இது. தன்னைத் தானே கண்காணித்துப் பிறர்முன் சொல்லும் முறை. மனத்தின் ஒவ்வோர் அசைவையும் தானே நின்று நோக்கும் பழக்கத்தைப் பிற்காலத்தில் தம் கவிதையின் உயிராக்கிக்கொண்ட ஒருவர், பதினாறாம் வயதில் நாள்தோறும் இத்தகைய கூட்டத்தில் அமர்ந்திருந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று அறுதியிட முடியாது. ஆயினும் பள்ளி அம்மாணவியைப் பிறர்முன் நின்று தன்னைக் காணச் சொன்னது. கவிஞரோ யாருமில்லா அறையில் இருந்து தன்னைக் கண்டார். செயல் ஒன்றே, இடம் வேறு.

வீட்டுவேலையில் டிக்கின்சனுக்கு வாய்த்தது உணவு மேசைக் கத்திகள். காலையிலும் நண்பகலிலும் முதல் வரிசை மேசைகளிலிருந்து கத்திகளை எடுத்துச் செல்ல வேண்டும். இரவில் அதே அளவு கத்திகளைக் கழுவித் துடைக்க வேண்டும். மாணவியர் தொகை முந்நூற்றை நெருங்கியது என்று அவரே எழுதுகிறார். உணவைப் பற்றியும் அவருக்குக் குறை இருந்ததில்லை. தமையன் ஆஸ்டினுக்கு எழுதிய கடிதத்தோடு ஒருநாளைய உணவுப் பட்டியலையே நகைச்சுவையாகச் சேர்த்து அனுப்பினார்: வறுத்த கன்றிறைச்சி, உருளைக்கிழங்கு, பூசணி, குழம்பு, இருவகை ரொட்டி, வெண்ணெய், மிளகும் உப்பும், ஆப்பிள் கொழுக்கட்டை, இறுதியாகத் தண்ணீர். தண்ணீரையும் பட்டியலில் சேர்க்கும் அந்தக் குறும்பில் வருங்காலக் கவிஞரின் குரல் கேட்கிறது.

இனி அப்பள்ளியின் விழாக்களும் நிகழ்ச்சிகளும்.

1847 அக்டோபரில் ஊர் ஊராகச் செல்லும் விலங்குக் காட்சி ஒன்று சவுத் ஹாட்லிக்கு வந்தது. கரடியும் குரங்கும் பார்த்துவர மேரி லயன் தம் மாணவியருக்கு இசைவு தந்தார். காட்சிக் குழுவினர் பள்ளி வாயிலின் முன் நின்று கால்மணி நேரம் இசை முழக்கினர். பெண்கள் ஏறத்தாழ அனைவரும் ஆரவாரத்தோடு புறப்பட்டுச் சென்றனர். டிக்கின்சன் செல்லவில்லை. ஒழிந்துபோன அந்தப் பெருங்கட்டடத்தில் தனிமையை நன்றாக அனுபவித்ததாகத் தமையனுக்கு எழுதினார். முந்நூறு பேர் நெருங்கி வாழும் வீட்டில் ஒரு பிற்பகல் தனிமை எவ்வளவு பெரிய செல்வம் என்பதை அவர் அங்கே அறிந்தார். ஊர்க் கொண்டாட்டம் ஒன்று நடந்ததனால்தான் அத்தனிமையும் கிடைத்தது என்பது மறக்கலாகாத செய்தி.

1848 பிப்ரவரியில் நடந்தது இன்னும் சுவையானது. காதலர் நாளாகக் கொண்டாடப்படும் வாலண்டைன் நாளில் இளைஞர் ஒருவருக்கொருவர் பெயர் மறைத்தும் மறைக்காமலும் கேலியும் அன்பும் கலந்த பாடல் மடல்கள் அனுப்புவது அக்கால வழக்கம். மேரி லயன் பெருங்கூடத்தில் எழுந்து அத்தகைய மடல்களை அனுப்பலாகாது என்று தடை விதித்தார். ஆனால் முந்தைய ஆண்டு அங்கே பயின்ற மாணவியருக்கு அவர் மனம் தெரியும். அவர்கள் விடுமுறையிலேயே மடல்களை எழுதி வெளியில் ஒருவர் பொறுப்பில் விட்டுவைத்திருந்தனர். தடை வருமுன், அன்று காலையிலேயே 150 மடல்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. துணைத் தலைமையாசிரியை தாமே அஞ்சலகம் சென்று, எத்தனை மடல்கள், எழுதியவர் எவரெவர் என்று உசாவினார். பெயர் ஒன்றும் கிட்டியதாகத் தெரியவில்லை, எவரும் தண்டிக்கப்படவில்லை. இவற்றையெல்லாம் களிப்போடு எழுதும் டிக்கின்சன், தாம் ஒரு மடலும் எழுதவில்லை என்றும், தமக்கும் ஒன்று வரக்கூடும் என்ற நம்பிக்கையை இன்னும் முற்றாக விடவில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

கவிஞர்கள் இந்நிகழ்ச்சியைச் சிறு குறும்பு என்று ஒதுக்கிவிடலாகாது. டிக்கின்சனின் கவிதைகளில் காலத்தால் முந்தியதாக இன்று அறியப்படுவது 1850 மார்ச்சில் எழுதப்பட்ட ஒரு வாலண்டைன் பாடல். செய்தித்தாளில் அச்சேறிய அவருடைய முதற்கவிதை 1852 பிப்ரவரி 20ஆம் நாள் ஸ்பிரிங்ஃபீல்டு நகர நாளிதழில் வந்தது. அதுவும் வாலண்டைன் பாடலே. உலகையே வாயிலுக்கு வெளியே நிறுத்தியவர் என்று புகழப்படும் கவிஞர், இளைஞர் கூட்டத்தின் ஓர் ஆண்டு வழக்கத்திலிருந்தே தம் பாட்டைத் தொடங்கினார். சடங்கு அவருக்கு ஒரு வடிவம் கொடுத்தது. யாரை விளித்துப் பாடுவது என்ற இடத்தையும் கொடுத்தது. பிற்காலத்தில் அவர் நூற்றுக்கணக்கான கவிதைகளைக் கடிதங்களோடு வைத்து நண்பர்களுக்கு அனுப்பினார். மடலில் கவிதை அனுப்பும் வழக்கம் அவருக்கு இறுதிவரை நீங்கவில்லை.

பாட்டு நேரத்தையும் இங்கு நினைக்க வேண்டும். நாள்தோறும் அரைமணி நேரம் அனைவரும் கூடிப் பாடிய கூடம் அது. தேவாலயப் பாடல்களின் யாப்பு எட்டசை, ஆறசை என்று மாறி மாறி வருவது. டிக்கின்சன் கவிதைகளில் பெரும்பகுதி அந்த யாப்பிலோ அதனை உடைத்தும் வளைத்தும் செய்த வடிவிலோ அமைந்தவை. இளமை முதல் ஆமர்ஸ்ட் தேவாலயத்தில் கேட்ட ஓசைதான் அது. பள்ளி அதனை மேலும் ஓராண்டு செவியில் நிரப்பியது. கூட்டத்தின் பாட்டோசையை எடுத்துக்கொண்டு கூட்டம் சொல்லத் துணியாத ஐயங்களை அதில் வைத்ததே அவர் செய்த புதுமை.

இனிச் சிக்கலான பகுதி. மேரி லயனின் பள்ளியில் கல்விக்கு இணையாகச் சமயப் பற்று வளர்க்கப்பட்டது. மாணவியர் மூவகையாகப் பிரிக்கப்பட்டனர்: நம்பிக்கையை அறிவித்தவர், நம்பிக்கை கொள்ளும் நிலையில் உள்ளவர், நம்பிக்கை அற்றவர். மூன்றாம் வகையினருக்கெனத் தனிக் கூட்டங்கள் நடந்தன. ஓராண்டு முழுவதும் தோழியர் ஒவ்வொருவராக எழுந்து மறுபக்கம் செல்ல, டிக்கின்சன் அந்த மூன்றாம் வகையிலேயே இருந்தார். அதில் அவருக்குப் பெருமிதம் இருந்ததாகக் கூற முடியாது. நல்வாய்ப்பு வந்தபோது அதனைக் கைவிட்டுவிட்டதாக 1848 மே மாதக் கடிதத்தில் வருந்தவே செய்கிறார். எழ விரும்பினார், ஆனால் உள்ளத்தில் இல்லாததை உடலால் செய்து காட்ட அவரால் இயலவில்லை.

இதையொட்டி ஒரு கதை வழங்குகிறது. கிறிஸ்துமஸ் நாளை நோன்பு நாளாகக் கொள்ள விரும்புவோர் எழுந்து நிற்கலாம் என்று மேரி லயன் கூற, கூடமே எழுந்தபோது டிக்கின்சன் ஒருவர் மட்டும் அமர்ந்திருந்தார் என்பது அக்கதை. அவருடைய தமையன் மகள் 1924இல் வெளியிட்ட நூலால் இது பரவியது. ஆய்வாளர் பலர் இதனை அவ்வாறே ஏற்பதில்லை. நம்பிக்கை அற்றவர் வரிசையில் வேறு பலரும் இருந்தனர். அவர் தனியொருவர் அல்லர். கவிஞரின் வாழ்க்கையைக் காவியமாக்கும் ஆர்வத்தில் பிறந்த கதையாக இது இருக்கக்கூடும். ஒருவர் மட்டும் அமர்ந்திருந்தார் என்பதைக் காட்டிலும், எழாதவர் சிலர் ஆண்டு முழுவதும் அங்கேயே உண்டு, பயின்று, பாடி வாழ்ந்தனர் என்பதே உறுதியான செய்தி. பொருள் பொதிந்த செய்தியும் அதுவே. அவர்கள் மீது அழுத்தம் இருந்தது. ஆனால் மேசையில் அவர்கள் இடம் பறிக்கப்படவில்லை. கத்தி துடைக்கும் முறையும் மாறவில்லை.

டிக்கின்சன் அப்பள்ளியை வெறுத்து ஓடினார் என்பதும் பரவலான கருத்து. கடிதங்கள் வேறு சொல்கின்றன. ஆசிரியையர் அன்புடையோர் என்றும், மாணவியர் ஒருவர்க்கொருவர் உதவுவதில் முந்துகின்றனர் என்றும் அவர் எழுதியிருக்கிறார். 1848 மார்ச்சில் அவருக்குக் கடும் இருமல் வந்தது. செய்தி வீட்டாருக்கு எட்டியது. தந்தையின் ஆணையோடு தமையன் வந்து நின்றார். போகமாட்டேன் என்று சொல்லாலும் கண்ணீராலும் போராடித் தோற்றதாக டிக்கின்சன் நகைச்சுவையும் வருத்தமும் கலந்து எழுதுகிறார். மே மாதம் திரும்பி வந்து ஆண்டை முடித்தார். அடுத்த ஆண்டு அனுப்புவதில்லை என்பது தந்தையின் முடிவு. வீட்டுக்காக நாளெண்ணிய அதே பெண், அழைத்துப் போக வந்தபோது அழுதார். உறைவிடப் பள்ளியில் வாழ்ந்தவர் எவரும் இவ்விரண்டையும் முரண் என்று கருதமாட்டார்.

1849 மார்ச் 5ஆம் நாள் மேரி லயன் மறைந்தார். பள்ளி வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். பள்ளி 1893இல் மவுண்ட் ஹோலியோக் கல்லூரி என்று பெயர் பெற்றது. டிக்கின்சன் வாழ்ந்த அந்தப் பெரிய கட்டடம் 1896 செப்டம்பரில் எரிந்து அழிந்தது. அவர் ஏறிய படிக்கட்டும் கத்தி துடைத்த கூடமும் இன்று இல்லை. ஆனால் செங்கல்லைக் காட்டிலும் வழக்கம் நெடிது நின்றது. 1838இல் தொடங்கிய ‘மலை நாள்’ இன்றும் உண்டு. இலையுதிர் காலத்தில் முன்னறிவிப்பில்லாத ஒரு விடியலில் மணி ஒலிக்கும், அன்று வகுப்பில்லை, மாணவியர் அருகிலுள்ள ஹோலியோக் மலைக்கு ஏறிச் செல்வர். ஆண்டெல்லாம் ஒழுங்குக்கு ஒலிக்கும் மணி ஒருநாள் விடுதலைக்கு ஒலிக்கிறது. எந்த நாள் என்று தெரியாமையே அதன் அழகு.

1891இல் தொடங்கிய நிறுவனர் நாளில் மாணவியர் விடியலில் மேரி லயனின் கல்லறை அருகே கூடிப் பனிக்குழைவு உண்கின்றனர். நவம்பர்க் குளிரில் ஐஸ்கிரீம் உண்ணும் இவ்வழக்கத்தைப் பிறர் விந்தையாகக் காணலாம். பட்டமளிப்புக்கு முன்னாள் வெண்ணிற உடையணிந்த மாணவியர் பசுந்தழைச் சங்கிலியைத் தோளில் ஏந்தி ஊர்வலமாக வந்து அக்கல்லறையின் வேலியில் சுற்றுகின்றனர். அவர்களுக்கு முன்னே பழைய மாணவியர் ஆண்டு வரிசையில் வெண்ணுடையில் நடப்பர். மூத்த மாணவியர் புதிதாக வந்தோருக்குப் பெயர் சொல்லாமல் அறை வாயிலில் சிறு பரிசுகள் வைத்துச் செல்லும் வழக்கமும் உண்டு. வீட்டு நினைவால் வாடும் ஒரு பெண்ணுக்கு யாரோ ஒருவர் தன்னை நினைத்திருக்கிறார் என்ற செய்தியை அது சொல்லாமல் சொல்கிறது. பெயர் மறைத்த வாலண்டைன் மடலுக்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை.

இந்தக் கல்வி அலை தமிழ் மண்ணையும் அதே காலத்தில் தொட்டது. நியூ இங்கிலாந்துச் சமயத்தொண்டர்கள் 1816இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கினர். 1824இல் உடுவிலில் ஹாரியட் வின்ஸ்லோ பெண்களுக்கான உறைவிடப் பள்ளியை நிறுவினார். அவர் கணவர் மிரோன் வின்ஸ்லோ, 1862இல் வெளிவந்த தமிழ்–ஆங்கில அகராதியால் தமிழுலகம் அறிந்தவர். மவுண்ட் ஹோலியோக் திறக்கப்படுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னரே தமிழ்ச் சிறுமியர் உடுவிலில் தங்கிப் பயின்றனர் என்பது தமிழர் பலர் நினைவில் கொள்ளாத செய்தி. டிக்கின்சன் கத்தி துடைத்த அதே ஆண்டில் உடுவில் பள்ளியை நடத்திக்கொண்டிருந்தவர் எலிசா ஆக்னியூ. 1840இல் வந்த அவர் தாயகம் திரும்பாமலே 1883இல் யாழ்ப்பாணத்தில் மறைந்தார். தாயும் மகளும் பேர்த்தியுமாக மூன்று தலைமுறையினர் அவரிடம் பயின்றனர். ஆயிரம் மக்களைப் பெற்ற தாய் என்று அவர் அழைக்கப்பட்டார். கடலின் இருகரையிலும் ஒரே வகை மணி ஒலித்தது. ஒரே வகை அழுத்தமும் ஒரே வகைத் திறப்பும் இருந்தன.

கூட்டுச் சடங்குக்கும் கவிதைக்கும் உள்ள உறவு தமிழுக்கு இதனினும் பழையது. விடியலில் ஒருத்தி மற்றொருத்தியை எழுப்ப, அனைவரும் கூடி நீராடி நோற்கும் பாவை நோன்பிலிருந்து ஆண்டாள் 30 பாசுரங்கள் செய்தார். அங்கே பேசுவது ஒருத்தியின் குரலன்று, ஆயத்தின் குரல். உறங்குபவளும் அதற்குள் அடங்குவாள். எழ மறுப்பவளுக்கும் ஒரு பாசுரம் உண்டு. அதே ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் ஒருத்தியாக நின்று, தன் உடலையும் ஏக்கத்தையும் பற்றி எந்த ஆயமும் சொல்லாதவற்றைச் சொல்கிறார். முன்னது இல்லையேல் பின்னது இல்லை என்று வாதிட வேண்டியதில்லை. ஒரே கவிஞருக்கு இரண்டும் வேண்டியிருந்தன என்பதே போதும். கூட்டத்தின் ஓசையை அறிந்தவரே தனிக்குரலின் அளவை அறிகிறார். டிக்கின்சனுக்கு முதலாவது குறுகிய காலமே வாய்த்தது. இரண்டாவது வாழ்நாள் முழுவதும் நீண்டது.

இங்கிருந்து வட்டத்துக்கு வரலாம். பத்தாண்டுகள் நிலைத்த எந்த இலக்கிய அமைப்புக்கும் மரபுகள் உண்டாகிவிடுகின்றன. மாதக் கூட்டம், தலைப்புக் கொடுத்துப் பாடும் கவியரங்கம், புதியவரை அறிமுகம் செய்யும் முறை, மூத்தோருக்குப் பொன்னாடை, கூட்ட முடிவில் தேநீர். இவற்றை வெறும் சடங்கு என்று இகழ்வோரும் உண்டு. இவற்றையே இலக்கியம் என்று மயங்குவோரும் உண்டு. சவுத் ஹாட்லியின் ஓராண்டு இருவருக்கும் மறுமொழி தருகிறது. தலைப்புக் கொடுத்த பாட்டிலிருந்தும் ஒருவர் தம் வழியைக் காணலாம். வாலண்டைன் மடலிலிருந்து டிக்கின்சன் கண்டார். ஆனால் கவிதை கூட்டத்தில் முடிந்துவிடுவதில்லை. அதனை முடிக்க ஒழிந்த கட்டடத்தின் ஒரு பிற்பகல் வேண்டும். அதனைத் தேடிக்கொள்வது அவரவர் பொறுப்பு.

அதனினும் முக்கியமானது எழுந்து நிற்கும் செய்தி. எந்த அமைப்பிலும் ஒருநாள் ‘ஒப்புவோர் எழுக’ என்ற அழைப்பு வந்தே தீரும். ஒரு கொள்கைக்காகவோ, ஓர் இயக்கத்துக்காகவோ, ஒரு பெருங்கவிஞரின் புகழுக்காகவோ, யாப்புக்காகவோ, யாப்பை விடுவதற்காகவோ அந்த அழைப்பு வரலாம். பெரும்பாலோர் எழுவர். உண்மையாகவே எழுவோரும் உண்டு. அருகிலிருப்பவரைப் பார்த்து எழுவோரும் உண்டு. ஒருவர் எழவில்லையெனில் அது பகை என்று கொள்ளப்படுவதே தமிழ் இலக்கிய அமைப்புகள் பலவற்றில் பிளவுக்குக் காரணமாகியிருக்கிறது. மேரி லயன் தம் கொள்கையில் இம்மியும் தளராதவர். எழாதவரை எழச் செய்ய ஓராண்டு முழுதும் முயன்றவர். அத்தகைய உறுதியுடையவரும் எழாத பெண்ணின் உணவுத் தட்டை அகற்றவில்லை. அவரே அறியாமல் அமெரிக்க மொழிக்குச் செய்த பெருந்தொண்டு அதுவாக இருக்கலாம்.

மரபு நிலைக்க மூன்று செய்கைகள் வேண்டும் என்று அப்பள்ளியின் வரலாறு காட்டுகிறது. ஒன்று, வேலையைப் பகிர்தல். நாற்காலி அடுக்குபவர் ஒருவராகவும் மேடையில் அமர்பவர் வேறொருவராகவும் என்றும் இருந்தால் அமைப்பு நெடுநாள் வாழாது. இரண்டு, புதியவரை நினைத்தல். முதற்கவிதையோடு வந்து பின்வரிசையில் அமர்ந்து, யாரும் பேசாமல் திரும்பிப் போகும் இளைஞர் மறுமுறை வருவதில்லை. பெயர் சொல்லாத ஒரு சிறு பரிசு அவரை நிறுத்தும். மூன்று, எதிர்பாராத ஒருநாள். நிகழ்ச்சி நிரலும் வரவேற்புரையும் நன்றியுரையும் இல்லாமல், கூடி மலையேறிவிட்டுத் திரும்பும் ஒருநாள் ஆண்டில் இருக்குமெனில், எஞ்சிய கூட்டங்களும் உயிர் பெறும்.

எமிலி டிக்கின்சனின் மறைவுக்குப்பின், அவர் தங்கை வீட்டில் தேடியபோது கையால் தைத்த சிறு கவிதைச் சுவடிகள் பெட்டியில் கிடைத்தன. அத்தகைய சுவடிகள் நாற்பது என்று பின்னர் கணக்கிடப்பட்டன. தாளை மடித்து, ஓரம் குத்தி, நூல் கோத்து ஒவ்வொன்றையும் அவரே கட்டியிருந்தார். வாழ்நாளில் நூலாக வெளிவரவில்லை. கூடிக் கேட்க அவையும் இல்லை. இந்த வட்டத்தில் எழுதுவோருக்கு அவை உண்டு, பத்தாண்டாக உண்டு. அந்த அவையில் பாடுவோருக்கு இடம் இருப்பது போலவே, பாடாமல் அமர்ந்திருப்போருக்கும் இடம் இருக்கட்டும். அவர்கள் மடியில் தைத்து வைத்த சுவடி ஒன்று இருக்கக்கூடும்.